கேஜில் ஒரு எண், லாகில் வேறு எண்: வைட்பேண்ட் சென்சாரில் எதை நம்புவது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பது ஒன்றாகவும் கேட்க வந்தது வேறொன்றாகவும் எனக்குப் படுகிறது. பழைய ஜிப்சியின் 1.3 லிட்டர் இன்ஜினுக்கு ஸ்பீடுயினோ இசியூ (பெட்ரோலைக் கணக்கிட்டு இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) பொருத்தி, பாஷ் எல்எஸ்யூ 4.9 என்னும் வைட்பேண்ட் சென்சாரோடு வரும், காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் ஏஇஎம் கேஜையும் மாட்டியிருக்கிறீர்கள். ஐடிலில் கேஜ் 14.7 காட்டும்போது லேப்டாப்பில் பதிவாகும் லாக் 15.3 என்கிறது. மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் கேஜ் 12.5 என்றால் லாக் 13.1 என்கிறது. இரவில் ஹெட்லைட்டைப் போட்டால் இடைவெளி இன்னும் கூடுகிறது. சேலத்தில் சரிசெய்து வைத்த எண்கள் ஏற்காடு போய்ச் சேரும்போது கேஜிலேயே மாறிவிடுகின்றன. இத்தனையும் சொல்லிவிட்டு, சென்சார் போய்விட்டதா, புதிது வாங்கலாமா என்று முடித்திருக்கிறீர்கள். ஒரே சென்சார் இரண்டு எண் சொல்லும்போது எதை நம்பி எரிபொருள் அட்டவணையை (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று இசியூ பார்க்கும் பட்டியலை) திருத்துவது என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். சேலத்தில் 18 ஆண்டுகளாக இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் வேலை பார்ப்பவன் நான். வண்டியை நேரில் பார்க்காமல் எழுதுவதால், எந்த இணைப்பில் கோளாறு என்று இங்கிருந்தே விரல் வைத்துக் காட்ட முடியாது, எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

வைட்பேண்ட் சென்சார் காற்று-எரிபொருள் விகிதத்தை அளப்பதில்லை; புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையோ, எரியாமல் வந்த எரிபொருளை எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜனையோதான் அது அளக்கிறது. உள்ளே சிர்கோனியாவில் செய்த இரண்டு செல்கள் இருக்கின்றன. ஒன்று தன் இரு பக்கங்களிலும் உள்ள ஆக்சிஜனை ஒப்பிட்டு மின்னழுத்தம் தருகிறது. அந்த மின்னழுத்தம் 450 மில்லிவோல்ட்டிலேயே நிற்கும்படி மற்றொரு செல் ஆக்சிஜனை உள்ளேயோ வெளியேயோ தள்ளிக்கொண்டே இருக்கிறது. தள்ளுவதற்கு எவ்வளவு மின்னோட்டம் பிடிக்கிறது, எந்தத் திசையில் பிடிக்கிறது என்பதே அளவு. கலவை மிகச் சரியாக எரியும் நிலையில், அதாவது லாம்டா 1 என்னும் இடத்தில், அந்த மின்னோட்டம் பூஜ்யம். (இருக்கும் விகிதத்தை, மிகச் சரியாக எரியும் விகிதத்தால் வகுத்தால் வருவதே லாம்டா; எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு அந்தச் சரியான விகிதம் 14.7.) இதிலிருந்து ஒரு நல்ல விஷயம் கிடைக்கிறது: சென்சார் பழையதானாலும், காற்றழுத்தம் மாறினாலும், லாம்டா 1-ஐ ஒட்டிய அளவு அதிகம் பிசகாது. அங்கிருந்து ரிச் (பெட்ரோல் கூடிய) பக்கமோ லீன் (பெட்ரோல் குறைந்த) பக்கமோ விலக விலகத்தான் பிழை பெருகும். ஆகவே ஐடிலில் 14.7 ஒழுங்காகக் காட்டுவதை வைத்து, முழு ஆக்சிலரேட்டரில் காட்டும் 12.5-உம் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அந்த மின்னோட்டம் லாம்டாவாகி, லாம்டா 14.7-ஆல் பெருக்கப்பட்டுக் கேஜில் எண்ணாகி, பிறகு ஒரு வோல்ட்டேஜாகி, ஒயரில் போய், இசியூவுக்குள் மறுபடியும் எண்ணாகிறது. இந்தச் சங்கிலியில் சென்சாருக்கு அடுத்து வரும் கண்ணிகளில்தான் நான் பார்த்த பெரும்பாலான தவறுகள் இருந்திருக்கின்றன. முதல் கண்ணி பெட்ரோல். இன்று நம் பங்குகளில் ஊற்றுவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதன் சரியான எரிதல் விகிதம் 14.7 அல்ல, ஏறத்தாழ 13.5. இதைப் படித்தவுடன் பலர் இசியூவில் மட்டும் அந்த எண்ணை 13.5 என்று மாற்றி, எந்த விகிதம் வேண்டும் என்று குறிக்கும் இலக்கு அட்டவணையிலும் 13.5 எழுதிவிடுகிறார்கள். கேஜுக்கோ எந்தப் பெட்ரோல் ஊற்றினோம் என்று தெரியாது. லாம்டா 1 வந்தால் அது எப்போதும் 14.7 என்றுதான் சொல்லும். அந்த 14.7-ஐப் பார்த்த இசியூ, கலவை லீன் என்று எண்ணி 9 சதவீதம் எரிபொருளைக் கூட்டும். கேஜ் 13.5 காட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் இன்ஜின் லாம்டா 0.92-இல், தேவையில்லாத ரிச்சில், ஓடிக்கொண்டிருக்கும். லாம்டா 1-க்குக் கேஜிலும் இசியூவிலும் 14.7 என்னும் ஒரே எண்ணை வையுங்கள், இலக்கு அட்டவணையையும் அந்தக் கணக்கிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் மூன்றையும் லாம்டாவுக்கே மாற்றிவிடுங்கள். நான் லாம்டாவில்தான் வேலை செய்கிறேன், பெட்ரோல் மாறினாலும் கணக்கு மாறாது என்பதால்.

அடுத்த கண்ணி வோல்ட்டேஜ் அட்டவணை: கேஜ் அனுப்பும் எந்த வோல்ட்டுக்கு எந்த விகிதம் என்று இசியூவுக்குச் சொல்வது. இப்போதைய ஏஇஎம் எக்ஸ் வரிசைக் கேஜில் 0.5 வோல்ட் என்றால் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18; அதாவது வோல்ட்டை 2.375-ஆல் பெருக்கி 7.3125-ஐக் கூட்ட வேண்டும். அதே நிறுவனத்தின் பழைய கேஜ்களில் வோல்ட்டை 2-ஆல் பெருக்கி 10-ஐக் கூட்ட வேண்டும். இன்னொவேட் என்னும் வேறு நிறுவனத்தின் கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 0 வோல்ட்டுக்கு 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39. இசியூவை லேப்டாப்பில் அமைக்கும் டியூனர்ஸ்டுடியோ மென்பொருளில் பட்டியலைத் திறந்து பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 முதல் 20 வரை காட்டும் அந்தப் பழைய ஏஇஎம் கேஜுக்கு இன்னொவேட் அட்டவணையைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டால், 14.7 என்னும் இடத்தில் கேஜ் 2.35 வோல்ட் அனுப்பும், இசியூ அதை 14.4 என்று படிக்கும். பெரிய வித்தியாசமில்லை என்று விட்டுவிடுவோம். கேஜ் 12.5 காட்டும்போது அனுப்புவது 1.25 வோல்ட், இசியூ அதை 11.1 என்று படிக்கும். லாகை நம்பி, அது 12.5 ஆகும்வரை பெட்ரோலைக் குறைப்பவர் முழுச் சுமையில் 11 சதவீதத்துக்கு மேல் எரிபொருளைக் குறைத்திருப்பார். ஐடிலில் ஒழுங்காக நடந்துகொண்டு மேட்டில் பிஸ்டனைத் தின்னும் பிழை இது.

உங்கள் வண்டியில் நடப்பது இது இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அட்டவணை தவறு என்றால் இடைவெளி இடத்துக்கு இடம் மாறியிருக்கும். உங்களுக்கு ஐடிலிலும் 0.6, முழுச் சுமையிலும் 0.6. எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளி நிற்கும் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு. உங்களுடையது எக்ஸ் வரிசைக் கேஜ் என்று கொண்டு 0.6-ஐ 2.375-ஆல் வகுத்தால் 0.25 வோல்ட். கேஜின் எர்த், இசியூவின் எர்த்தைவிடக் கால் வோல்ட் மேலே மிதக்கிறது. கேஜ் தன் எர்த்திலிருந்து அளந்து அனுப்பும் வோல்ட்டேஜை இசியூ தன் எர்த்திலிருந்து அளந்து கூடுதலாகப் படிக்கிறது. சென்சாரின் ஹீட்டர் மட்டுமே ஆம்பியர் கணக்கில் மின்சாரம் இழுக்கும். அது டேஷ்போர்டுக்குப் பின்னால் துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூ வழியாக பாடிக்குப் போனால் இந்த அளவு இழப்பு எளிதில் வரும். அதே ஸ்க்ரூவில் ஹெட்லைட் ஒயரும் சேர்ந்திருந்தால், விளக்கைப் போட்டவுடன் இடைவெளி கூடுவதும் விளங்கிவிடுகிறது.

சோதிப்பது எளிது. இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டிருக்கட்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை இசியூவின் சென்சார் எர்த்திலும் சிவப்பு முனையைக் கேஜின் கறுப்பு ஒயரிலும் வையுங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம், அது 0.05 விகிதப் புள்ளிதான். 250-ஐ ஒட்டி வந்தால் திருடன் அகப்பட்டான். கேஜின் எர்த்தைப் பாடியிலிருந்து பிடுங்கி, இசியூ எர்த் போகும் அதே இன்ஜின் பிளாக் போல்ட்டுக்குத் தனி ஒயராகக் கொண்டுபோய், பெயிண்டைச் சுரண்டி முறுக்குங்கள். ஹீட்டர் எர்த்தையும் சிக்னல் எர்த்தையும் தனித்தனியே தரும் கன்ட்ரோலராக இருந்தால், ஹீட்டரைப் பிளாக்குக்கும் சிக்னலை இசியூவின் சென்சார் எர்த்துக்கும் கொடுக்க வேண்டும். கேன் என்னும் டிஜிட்டல் இணைப்பு உள்ள கேஜையும் அதைப் படிக்கும் இசியூவையும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. எண்ணாகவே போய்ச் சேரும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அட்டவணையில் 0.6-ஐக் கழித்துச் சமன்படுத்தி, கேஜும் லாகும் ஒத்துப்போகிறதே என்று திருப்தி அடையாதீர்கள். ஹீட்டர் இழுக்கும் மின்சாரம் புகையின் சூட்டுக்கு ஏற்ப நிமிடத்துக்கு நிமிடம் மாறும்; பகலில் சமன்படுத்தியது இரவில் சமனாக இருக்காது.

எர்த்தைச் சரிசெய்த பிறகு அட்டவணையையும் ஒருமுறை சோதித்துவிடலாம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் புதிய பென்சில் பேட்டரி ஒன்று போதும். கேஜின் சிக்னல் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸை இசியூ உள்ளீட்டுக்கும் மைனஸைச் சென்சார் எர்த்துக்கும் கொடுங்கள். மல்டிமீட்டரில் 1.6 வோல்ட் இருந்தால் லாகில் 11.1 வர வேண்டும். வந்தால் இசியூ பக்கம் சுத்தம்.

இனி சைலன்சர் பக்கம். சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ வெல்டிங்கிலோ ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும், புகை அலைகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனையும் சேர்த்து எண்ணி, லீன் என்று பொய் சொல்லும். தொழிலின் தொடக்கத்தில் இதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். ஐடிலில் 16-க்குக் கீழே இறங்காத ஒரு வண்டிக்கு இரண்டு நாள் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனேன். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்த பிறகுதான், நான் கைப்பட மாட்டிய ஃப்ளாஞ்ச் சரியாக உட்காரவில்லை என்று கண்டேன். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன், சைலன்சரின் வாலைத் தடித்த துணியால் பாதி அடைத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தால் ஓட்டை இருக்குமிடம் குமிழிவிடும். பற்ற வைக்கத் தவறிய சிலிண்டரும் இதே பொய்யைச் சொல்ல வைக்கும்: எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் சேர்ந்துதான் வெளியே வருகிறது, ஆகவே ரிச்சாகி மிஸ்ஃபயர் ஆகும் இன்ஜின்கூடக் கேஜில் லீனாகத் தெரியலாம். இன்ஜின் தடுமாறும் நேரத்தில் காட்டும் எந்த எண்ணையும் லாகிலிருந்து தூக்கி எறியுங்கள்.

பொருத்தும் இடத்தில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். நான்கு குழாயும் ஒன்றாகச் சேர்ந்த இடத்துக்குப் பின்னால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், சைலன்சர் வாலிலிருந்து போதிய தூரத்தில் இருக்க வேண்டும். கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; அப்போதுதான் குழாயில் சேரும் நீர் செராமிக்கில் தேங்காது. எந்த லேத் பட்டறையிலும் 18-க்கு 1.5 மரையில் நட்டு கடைந்து தருவார்கள். குழாய் ஸ்டெயின்லெஸ் என்றால் நட்டும் ஸ்டெயின்லெஸாகவே இருக்கட்டும். வெல்டிங் முடியும்வரை சென்சாரை அதன் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள்.

உள்ளே செராமிக் ஏறக்குறைய 780 டிகிரியில் இருக்கிறது. ஏற்காட்டுக் காலைப் பனியில் இரவெல்லாம் நின்ற வண்டியின் குழாயில் நீர்த்துளி இல்லாமல் இருக்காது; சாவியைத் திருப்பி ஹீட்டரைச் சூடாக்கி வைத்துவிட்டு நிதானமாக ஸ்டார்ட் செய்தால், புகை அடித்துக்கொண்டு வரும் அந்தத் துளி சூடான செராமிக்கில் பட்டு விரிசல் விடும். ஃப்யூயல் பம்ப் ரிலேயிலிருந்து கேஜுக்கு மின்சாரம் கொடுத்தால், இன்ஜின் சுற்றத் தொடங்கிய பிறகே ஹீட்டர் தொடர்ந்து வேலை செய்யும். மறுபுறம், கேஜ் வேண்டாம் என்று ஒயரைக் கழற்றிவிட்டுச் சென்சாரை மட்டும் குழாயிலேயே விட்டு ஓட்டக் கூடாது. சூடில்லாத சென்சாரில் கரி படிந்து, சீக்கிரமே உதவாமல் போகும்.

காலிபரேஷன் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். எல்எஸ்யூ 4.9 தொழிற்சாலையிலேயே அளவிடப்பட்டு, அந்த அளவுக்கேற்ற ரெசிஸ்டர் அதன் பிளக்குக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. ஒயர் எட்டவில்லை என்று பிளக்கை வெட்டி வேறு பிளக் போட்டால் அந்தத் திருத்தம் போய்விடும். நீளம் வேண்டுமென்றால் பிளக்குக்கு அந்தப்பக்கம் உள்ள ஒயர்களை நீட்டுங்கள். சென்சாரைத் திறந்த காற்றில் பிடித்து, இதுதான் தூய காற்று என்று கருவிக்குச் சொல்லி அளவைச் சரிசெய்யும் காலிபரேஷன் உங்கள் கேஜுக்குத் தேவையில்லை. தேவைப்படும் கருவி வைத்திருப்பவர்கள் அதை மலைமேல் மூடுபனியில் செய்யாமல் இருப்பது நல்லது. காற்றில் ஆக்சிஜன் விகிதம் எங்கும் கிட்டத்தட்ட 21 சதவீதம்தான். ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் சேலத்தைவிட 14 சதவீதம் குறைவு, அதற்கேற்பப் பம்ப் மின்னோட்டமும் குறையும். போதாததற்கு 20 டிகிரியில் நீராவி நிறைந்த காற்றில், நீராவி மட்டுமே 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் காற்றைத் தூய காற்று என்று கருவிக்குச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினால் லீன் பக்க எண்கள் எல்லாம் தள்ளி நிற்கும்.

ஏற்காட்டில் கேஜிலேயே எண் மாறுகிறது என்றீர்களே, அதற்குச் சென்சாரின் அழுத்தப் பிழை ஒரு சிறு காரணமாக இருக்கலாம். பெரிய காரணம் கலவையே உண்மையில் மாறுவதுதான். கார்புரேட்டர் வண்டிகள் மேலே போனால் ஏறத்தாழ 6 சதவீதம் ரிச்சாகும், கறுப்புப் புகைவிடும். எஸ்டேட் ஜீப் ஓட்டியவர்கள் அறிந்ததே. உங்கள் இசியூ, இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துப் பெட்ரோலைக் கணக்கிட்டால் மாற்றம் சிறிதாகவே இருக்கும். திராட்டில் திறப்பை வைத்துக் கணக்கிட்டால், வெளிக்காற்றின் அழுத்தம் அதற்குத் தெரிந்தாக வேண்டும். ஸ்பீடுயினோவில் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் தனி பாரோ சென்சார் இல்லையென்றால், இன்ஜின் நின்றிருக்கும்போது மேனிஃபோல்டு சென்சார் காட்டியதையே வெளிக்காற்று அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். அடிவாரத்தில் ஸ்டார்ட் செய்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நிறுத்தாமல் ஏறினால், மேலே போய்ச் சேர்ந்த பிறகும் இசியூ தன்னைச் சேலத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எண் திருந்தினால் காரணம் இதுதான். தனி பாரோ சென்சார் ஒன்று போட்டால் தீரும்.

இறக்கத்தில் இன்னொரு சோதனை இலவசமாகக் கிடைக்கிறது. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு இறங்கும்போது இசியூ இன்ஜெக்டரை நிறுத்தும்படி அமைத்திருந்தால், சில வினாடிகளில் குழாயில் வெறும் காற்றுதான் இருக்கும். அப்போது கேஜ் லீன் பக்கத்தின் கடைசி எல்லைக்குப் போய் நிற்க வேண்டும். தயங்கித் தயங்கிப் போனாலோ 17-இலேயே நின்றாலோ, சென்சார் மந்தமாகிவிட்டது அல்லது ஏதோ ஓர் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. புதிய சென்சார் வாங்கலாமா என்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை இது.

ஆனால் எரிபொருள் அட்டவணையைத் திருத்தும் லாகை மலைப்பாதையில் எடுக்க வேண்டாம். இன்ஜெக்டர் தெளித்த பெட்ரோல் எரிந்து, புகையாகிச் சென்சாரைத் தொட்டு, எண்ணாக வருவதற்குள் ஐடிலில் சில நூறு மில்லிவினாடிகள் ஓடிவிடும். வேகமான சுற்றில் அது நூறுக்கும் கீழே போகும். வளைவுக்கு வளைவு ஆக்சிலரேட்டர் மாறும் பாதையில், அட்டவணையின் ஒரு கட்டத்துக்கான எண் பக்கத்துக் கட்டத்தில் போய் விழும். டியூனர்ஸ்டுடியோவில் இந்தத் தாமதத்தைக் கொடுக்க இடமிருக்கிறது, கொடுங்கள்; ஆனாலும் ஓமலூர் பக்கம் நான்குவழிச் சாலையில், பக்கத்து இருக்கையில் ஒருவர் லேப்டாப்பைப் பார்க்க, ஒரே வேகத்தில் சில வினாடிகள் நிலைத்து ஓட்டி எடுக்கும் லாகுக்கு ஈடாகாது. இன்ஜின் சூடாகும் முன் வந்தவை, ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதித்தபோதும் விட்டபோதும் வந்தவை எல்லாவற்றையும் வடிகட்டிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஒரு சென்சார் நான்கு சிலிண்டரின் சராசரியைத்தான் சொல்லும். ஓர் இன்ஜெக்டர் அடைத்து ஒரு சிலிண்டர் மட்டும் லீனாக ஓடினால், இசியூ மற்ற மூன்றையும் ரிச்சாக்கிக் கேஜில் அழகான 12.5-ஐக் காட்டிவிடும்; அதைக் காட்டிக்கொடுப்பது நான்கு ஸ்பார்க் பிளக்கின் நிறம்தான். முழுச் சுமையில் உங்கள் இன்ஜினுக்கு லாம்டா 0.85 ஏற்றதா, 0.88 ஏற்றதா என்பதையும் சென்சார் சொல்லாது. இழுவையையும், கலவை தாறுமாறாக எரிந்து இன்ஜின் தட்டும் நாக்கிங்கையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். நானாக இருந்தால் இந்தப் பெட்ரோலில், மலையேறும் வண்டிக்கு, ரிச்சான பக்கத்திலிருந்து தொடங்குவேன்.

இப்போதைக்குப் புதிய சென்சார் வாங்காதீர்கள். எர்த்தை மாற்றியபின் ஹெட்லைட் போட்டும் போடாமலும் கேஜிலும் லாகிலும் வரும் எண்கள், பென்சில் பேட்டரி வைத்தபோது லாகில் வந்த எண், இறக்கத்தில் கேஜ் எதுவரை போனது என்பது ஆகிய மூன்றையும் இங்கேயே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.